சிறிய கிராபிக் திரையை மைக்ரோகன்ட்ரோலருடன் இணைப்பது எப்படி: கடையில் வாங்குவது முதல் மோட்டார் கொட்டகையில் மாட்டுவது வரை

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கிராபிக் திரையை ஆர்டுயினோ, இஎஸ்பி32 போன்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையுடன் (நாம் எழுதும் நிரலை ஓட்டும் சிப் கொண்டது) இணைத்து, அதில் தொட்டியின் நீர்மட்டத்தையோ மோட்டார் ஓடிய நேரத்தையோ காட்டுவது பெரிய வேலை அல்ல. நான்கு கம்பிகள், ஒரு லைப்ரரி (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு), பத்துப் பதினைந்து வரி நிரல் இருந்தால் போதும். ஆனால் கையில் இருக்கும் பலகை எது, அதன் கால்கள் எந்த வரிசையில் உள்ளன, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிப் எது என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் தொடங்கினால், தவறே இல்லாத நிரலைத் திருத்திக்கொண்டு நாள் கணக்கில் உட்கார்ந்திருக்க நேரிடும். மன்னார்குடிப் பக்கம் ஒரு போர்வெல் மோட்டாருக்கு இப்படியொரு திரையைப் பொருத்தியபோது நான் பட்ட பாட்டைப் பாலிடெக்னிக் மாணவர்களும், சொந்த வயலுக்காகச் செய்து பார்ப்பவர்களும் படவேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். நிரல் எழுதுவது இங்கே சிறு பகுதிதான். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையே விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

1. எந்தத் திரை என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்

திரையை எங்கே மாட்டப்போகிறீர்கள் என்பதே முதல் கேள்வி. மேசை மீதோ வீட்டுக்குள்ளோ இருக்கப்போகிறது என்றால் 0.96 அங்குல ஓஎல்இடி திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) போதும். இதில் 128 × 64 புள்ளிகள் உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் எஸ்எஸ்டி1306 என்ற சிப். இதே புள்ளிக்கணக்கில் சற்றே பெரிய 1.3 அங்குலத் திரையும் கிடைக்கும். அதில் வழக்கமாக எஸ்எச்1106 சிப் இருக்கும். பார்வைக்கு அண்ணன் தம்பி போல் இருந்தாலும் இவை இரண்டும் நிரலுக்கு ஒன்றல்ல என்பதை இப்போதே மனத்தில் வையுங்கள்.

நடவு வயல் ஓரத்தில், வெயிலில் நின்று பார்க்கவேண்டிய இடம் என்றால் ஓஎல்இடியை வாங்காதீர்கள். நண்பகல் வெளிச்சத்தில் அதன் எழுத்து மங்கிப்போகும். அங்கே எஸ்டி7920 சிப் கொண்ட 128 × 64 எல்சிடி திரைதான் சரி. நோக்கியா 5110 என்ற பெயரில் விற்கப்படும் 84 × 48 புள்ளித் திரையும் வெயிலில் படிக்க முடிவதுதான். ஆனால் தமிழ் எழுத்துக்கு அதன் 48 புள்ளி உயரம் இரண்டு வரிக்கு மேல் இடம் தராது என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

எல்சிடி வாங்குவோர் ஒரு கண்ணியைத் தவிர்க்க வேண்டும். கேஎஸ்0108 சிப் கொண்ட இன்னொரு 128 × 64 திரையும் அதே அளவில், அதே 20 கால்களுடன், அதே நீல நிறத்தில் விற்கப்படுகிறது. அதில் சீரியல் இணைப்பே (ஓரிரு கம்பிகளில் பிட் பிட்டாக அனுப்பும் முறை) கிடையாது. எட்டு டேட்டா கம்பிகளையும் இழுத்தாக வேண்டும். 15-ஆம் காலின் அருகில் பிஎஸ்பி என்று அச்சிட்டிருந்தால் அது எஸ்டி7920; அங்கே சிஎஸ்1 என்றிருந்தால் அது வேறு வகை. வலைக்கடையில் வாங்கினால், பலகையின் பின்புறப் படத்தைப் பெரிதாக்கி அந்த எழுத்தைப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

2. தாள்களைத் திரட்டுங்கள்

பலகை வருவதற்கு முன்பே மூன்று தாள்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, சிப்பின் டேட்டாஷீட், அதாவது தயாரிப்பாளரின் விவரத் தாள். எஸ்எஸ்டி1306-க்கு அதைத் தயாரிக்கும் சாலமன் சிஸ்டெக் வெளியிட்டதும், எஸ்டி7920-க்கு சிட்ரோனிக்ஸ் வெளியிட்டதும் எளிதாகக் கிடைக்கும். இரண்டாவது, உங்கள் மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் பின் வரைபடம். மூன்றாவது, விற்பவர் தரும் மாட்யூல் வரைபடம். இது பல சமயம் கிடைக்காது, கிடைத்தால் நல்லது.

டேட்டாஷீட் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. தாங்கக்கூடிய அதிகபட்ச மின்னழுத்தம் உள்ள அட்டவணை, ஐ2சி (இரண்டே சிக்னல் கம்பிகளில் பேசும் இணைப்பு முறை) முகவரியைச் சொல்லும் பத்தி, திரையைத் தொடங்கும் கட்டளைகளின் வரிசை ஆகிய மூன்றையும் படித்தால் போதும். எஸ்எஸ்டி1306-இல் ஒரு விஷயம் மறைந்திருக்கிறது: ஓஎல்இடிக்குத் தேவையான 7 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் சிப்புக்குள்ளேயே உண்டாக்கும் சார்ஜ் பம்ப்பை இயக்கும் கட்டளை, முக்கியக் கட்டளை அட்டவணையில் இல்லாமல் தாளின் கடைசியில் தனி இணைப்பாக இருக்கிறது. லைப்ரரி இல்லாமல் சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்கு எல்லாக் கட்டளைகளும் சரியாகப் போயும் திரை இருண்டே கிடப்பதற்கு இதுவே முதல் காரணம். பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 8டி, அடுத்து 14, கடைசியில் திரையை எரியவைக்கும் ஏஎஃப் என்பதே அங்குள்ள வரிசை.

பொருள் வந்ததும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். உறையைப் பிரிப்பதை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து, பலகையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் படம் பிடித்து வையுங்கள். கண்ணாடி கீறலோடு வந்த ஒரு திரையைத் திருப்பி அனுப்ப முயன்றபோது விற்றவர் முதலில் கேட்டதே அந்த வீடியோவைத்தான். சால்டர் வைத்த பலகையைப் பொதுவாக யாரும் திரும்ப எடுப்பதில்லை; ஆகவே கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டியதையெல்லாம் சால்டருக்கு முன்பே முடித்துவிடுங்கள். மாணவர்கள் ஜிஎஸ்டி எண்ணுள்ள பில்லாகவே கேட்டு வாங்கினால், கல்லூரியில் செலவைத் திரும்பப் பெறும்போது பேச்சு குறையும்.

3. செலவும் காலமும்

விலைகள் கடைக்குக் கடை மாறும். எனவே இவற்றை ஏறத்தாழ என்றே கொள்ளுங்கள். 0.96 அங்குல ஓஎல்இடி 150 முதல் 300 ரூபாய். எஸ்டி7920 எல்சிடி 500 முதல் 900 ரூபாய். ஆர்டுயினோ ஊனோவின் நகல் பலகையோ இஎஸ்பி32 பலகையோ 350 முதல் 600 ரூபாய். பிரெட்போர்டும் ஜம்பர் ஒயர்களும் சேர்ந்து 150 ரூபாய்க்குள். சாதாரண மல்டிமீட்டர் 250 ரூபாயிலிருந்து. மல்டிமீட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள். திரையை இரண்டாக வாங்குங்கள்: ஒன்று பழுதா, உங்கள் இணைப்பு பழுதா என்ற கேள்விக்கு இரண்டாவது திரை ஒரே நிமிடத்தில் பதில் சொல்லும். தனித்தனியாக இரண்டு முறை கூரியர் கட்டணம் கொடுப்பதைவிட அது மலிவும் கூட.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வர வாய்ப்புள்ளவர்கள் பலகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து வாங்கலாம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் இருப்பவர்கள் திருச்சிக் கடைகளை முதலில் தொலைபேசியில் விசாரியுங்கள். கையிருப்பு இல்லை என்றால் வலைக்கடைதான். தீபாவளியை ஒட்டியும், ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் கூரியர் தாமதமாகக்கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

முதல் முறை செய்பவருக்குப் பொருள் கைக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் தேவைப்படும். பம்ப்செட்டுக்காகச் செய்பவர்கள், வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே குறுவை நாற்றங்காலுக்கு மோட்டார் ஓடத் தொடங்கிவிடும் என்பதால், சித்திரை மாதத்திலேயே திரையை மாட்டிச் சோதித்துவிடுவது நல்லது. ஓடும் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கம்பி பிடிக்க எந்த விவசாயியும் சம்மதிக்கமாட்டார்.

4. ஹெடர் பின்னை சால்டர் வையுங்கள்

மலிவான பலகைகளில் ஹெடர் பின் (ஒயர் செருகுவதற்கான உலோகக் கால் வரிசை) தனியாகவே வரும். துளையில் செருகிச் சாய்த்து வைத்தால் தொடர்பு கிடைக்கும் என்று நம்பாதீர்கள். தொட்டால் எரியும், விட்டால் அணையும். பின்னைப் பிரெட்போர்டில் செங்குத்தாகக் குத்தி, அதன்மேல் பலகையை வைத்து, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று நொடிகளுக்கு மேல் சூடு காட்டாமல் வையுங்கள். கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து பலகைக்கு மடங்கிப் போகும் மஞ்சள் நிறப் பட்டை மிக மென்மையானது. அயர்ன் நுனி அதில் பட்டால் திரை முடிந்தது. கண்ணாடியின் மூலையை அழுத்திப் பிடிப்பதும் கூடாது.

5. மின்சாரம் கொடுக்கும் முன் கால்களின் வரிசையைப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஐ2சி ஓஎல்இடியில் நான்கு கால்கள் உண்டு: ஜிஎன்டி (கிரவுண்ட்), விசிசி (மின்சாரம் உள்ளே வரும் கால்), எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு), எஸ்டிஏ (டேட்டா). ஒரே தோற்றத்தில், ஒரே விலையில் விற்கப்படும் பலகைகளில் சிலவற்றில் முதல் கால் ஜிஎன்டி ஆகவும், சிலவற்றில் முதல் கால் விசிசி ஆகவும் இருக்கும். வலைத்தளத்தில் பார்த்த படத்தின்படியோ, நண்பரின் பலகையில் இருந்தபடியோ இணைத்தால் மின்சாரம் தலைகீழாகப் போய்ச் சிப் சூடாகிச் செத்துவிடும். உங்கள் கையில் இருக்கும் பலகையில் அச்சிட்ட எழுத்தை மட்டுமே நம்புங்கள். விசிசிக்குச் சிவப்பு, ஜிஎன்டிக்குக் கறுப்பு என்று ஒயர் நிறத்தை ஒருமுறை வகுத்துக்கொண்டால் அதை எந்த அவசரத்திலும் மாற்றாதீர்கள்.

அடுத்து, பலகையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மூன்று கால்களுடன், அரிசிமணியைவிடச் சிறிதாக, மேலே 662கே என்று பொறித்த ஒரு துண்டு இருந்தால் அது 3.3 வோல்ட் ரெகுலேட்டர். அப்படியானால் விசிசியில் 5 வோல்ட் கொடுக்கலாம். அது இல்லாத பலகைக்கு 3.3 வோல்ட்தான் கொடுக்க வேண்டும், ஏனெனில் எஸ்எஸ்டி1306-இன் லாஜிக் பகுதி 3.3 வோல்ட்டுக்கே வடிவமைக்கப்பட்டது. ஐயம் இருந்தால் 3.3 வோல்ட்டிலேயே தொடங்குங்கள். பெரும்பாலான பலகைகள் அதிலும் எரியும்.

ஊனோவில் எஸ்டிஏ என்பது ஏ4, எஸ்சிஎல் என்பது ஏ5. இஎஸ்பி32 பலகைகளில் வழக்கமாக எஸ்டிஏ 21-ஆம் பின், எஸ்சிஎல் 22-ஆம் பின். இஎஸ்பி8266 சிப் கொண்ட நோட்எம்சியு பலகையில் எஸ்டிஏ டி2, எஸ்சிஎல் டி1. இங்கே மட்டும் பலரும் மாற்றிக் குத்திவிடுவார்கள். நான்கு ஒயரும் குத்திய பிறகு, யுஎஸ்பியைச் செருகுவதற்கு முன், மல்டிமீட்டரைக் கன்டின்யூட்டியில் வைத்து விசிசிக்கும் ஜிஎன்டிக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். பீப் ஒலித்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, செருகாதீர்கள்.

இரு சிக்னல் கம்பிகளையும் மேலே இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்கள் பெரும்பாலான திரைப் பலகைகளிலேயே உண்டு. எஸ்சிஎல்லுக்கும் விசிசிக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் அளந்து, சில ஆயிரம் ஓம் காட்டினால் போதும். எதுவும் காட்டாவிட்டால், கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டுக்கு இணையுங்கள்.

6. முகவரியைத் தேடுங்கள்

ஐ2சி என்பது ஒரே வாய்க்காலில் பல மடைகள் வைத்தது போன்ற ஏற்பாடு. எந்த மடையைத் திறக்க வேண்டும் என்பதை முகவரிதான் சொல்கிறது. முகவரி தவறினால் திரை வாயைத் திறக்காது, பிழைச்செய்தியும் வராது. ஆகவே திரைக்கான லைப்ரரியைத் தொடுவதற்கு முன், ஆர்டுயினோ மென்பொருளில் ஐ2சிக்கான ‘வயர்’ லைப்ரரியின் எடுத்துக்காட்டுகளில் உள்ள ஐ2சி ஸ்கேனரை ஏற்றி ஓட்டுங்கள். இஎஸ்பி32-க்கு அதே வேலையைச் செய்யும் எடுத்துக்காட்டின் பெயர் வயர்ஸ்கேன். சீரியல் மானிட்டரின் வேகம் நிரலில் உள்ள வேகத்தோடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் குப்பை எழுத்துகளே வரும்.

ஸ்கேனர் 3சி என்றோ 3டி என்றோ காட்டினால் கம்பி வேலை முடிந்தது. இனி வரும் எந்தக் கோளாறும் நிரலில்தான் என்று துணிந்து சொல்லலாம். எதுவும் காட்டவில்லை என்றால் நிரலைத் தொடாதீர்கள்; எஸ்டிஏவையும் எஸ்சிஎல்லையும் மாற்றிக் குத்திப் பாருங்கள், சால்டரைப் பாருங்கள், ஒயரை மாற்றுங்கள். புதிதாக வாங்கிய ஜம்பர் ஒயர் கட்டிலேயே உள்ளுக்குள் அறுந்த ஒயர்கள் இருப்பது அரிதல்ல.

இங்கே பலரையும் குழப்புவது, பலகையின் பின்புறத்தில் 78, 7ஏ என்று அச்சிட்டிருப்பதுதான். அது படிப்பதா எழுதுவதா என்பதைச் சொல்லும் பிட்டையும் சேர்த்து எழுதிய எட்டு பிட் முகவரி. பதினாறடிமானக் கணக்கில் அதில் பாதியே நமக்கு வேண்டியது: 78-க்கு 3சி, 7ஏ-க்கு 3டி. திரைக்கான லைப்ரரிகளில் ஒன்றான அடாஃப்ரூட் லைப்ரரியின் 128 × 64 எடுத்துக்காட்டில் 3டி என்று எழுதியிருக்கும். சந்தையில் கிடைக்கும் மலிவுப் பலகைகளோ பெரும்பாலும் 3சியில் இருக்கும். அந்த ஓர் எழுத்தை மாற்றாததால் திரை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. இன்னொரு திரை லைப்ரரியான யு8ஜி2-வில் கதை தலைகீழ்: அதில் முகவரியை மாற்ற வேண்டுமானால் எட்டு பிட் எண்ணையே, அதாவது இரட்டித்த எண்ணையே கொடுக்க வேண்டும்.

7. லைப்ரரியும் முதல் எழுத்தும்

என் பரிந்துரை யு8ஜி2. எஸ்எஸ்டி1306, எஸ்எச்1106, எஸ்டி7920 மூன்றையும் அது தாங்கும் என்பதால், பின்னால் திரையை மாற்றினாலும் நிரலில் ஒரு வரியை மாற்றினால் போதும்.

நினைவகத்தைக் கவனியுங்கள். 128 × 64 புள்ளிகளை எட்டெட்டாகக் கட்டினால் 1024 பைட். ஊனோவில் மொத்தமே 2048 பைட் ரேம்தான். முழுப் படத்தையும் ரேமில் வைத்தால் பாதி போய்விடும். அடாஃப்ரூட் லைப்ரரி இந்த 1024 பைட்டை நிரல் ஓடத் தொடங்கிய பிறகே கேட்டுப் பெறுவதால், கம்பைல் செய்யும்போது காட்டும் கணக்கில் அது வராது. இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று அங்கே காட்டும், ஓட்டினால் ஒதுக்கீடு தோல்வி என்ற செய்தியோடு நின்றுவிடும். யு8ஜி2-வில் திரைப் பெயரின் நடுவே எஃப், 1, 2 என்று மூன்று வடிவங்கள் உண்டு. எஃப் முழுப் படத்தையும் ரேமில் வைக்கும், 1 என்பது எட்டு வரிசைக் கீற்றை மட்டும் வைத்துத் துண்டு துண்டாக வரையும். ஊனோவுக்கு 1 அல்லது 2, இஎஸ்பி32-க்கு எஃப்.

வரைந்த பிறகு ரேமில் உள்ளதைத் திரைக்கு அனுப்பும் கட்டளையைக் கொடுக்க மறக்காதீர்கள். அடாஃப்ரூட்டில் அது டிஸ்ப்ளே, யு8ஜி2-வின் எஃப் வடிவத்தில் சென்ட்பஃபர். வேகத்தைப் பொறுத்தவரை, 100 கிலோஹெர்ட்ஸ் ஐ2சியில் ஒரு முழுப் படம் போய்ச் சேர ஏறத்தாழ 92 மில்லிநொடி ஆகும். 400 கிலோஹெர்ட்ஸில் அது நான்கில் ஒன்றாகும். நீர்மட்டம் காட்ட இது தாராளம்.

8. திரை எரிகிறது, படம் சரியில்லை என்றால்

படம் இரண்டு புள்ளி பக்கவாட்டில் நகர்ந்து, ஓரத்தில் பொடிப்புள்ளிகள் செங்குத்துக் கோடாக மின்னினால், உங்களிடம் இருப்பது எஸ்எச்1106. அதன் உள் நினைவகம் 132 நெடுவரிசை கொண்டது. 128 புள்ளித் திரை அதன் நடுவில் அமர்ந்திருப்பதால் இரண்டு நெடுவரிசை தள்ளித் தொடங்க வேண்டும். லைப்ரரியில் சிப்பின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும். 0.96 அங்குலம் என்றால் எஸ்எஸ்டி1306, 1.3 அங்குலம் என்றால் எஸ்எச்1106 என்பது பெரும்பாலும் பொருந்தும், எப்போதும் அல்ல. விற்பவர் எழுதியதைவிடத் திரை காட்டும் இந்த அடையாளமே நம்பகமானது.

ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் தெரிந்தால் 128 × 32 திரைக்கான அமைப்பை 64-க்கோ, 64-க்கானதை 32-க்கோ மாற்றிக் கொடுத்திருக்கிறீர்கள். மேற்பகுதி மஞ்சளாகவும் மீதி நீலமாகவும் இருந்தால் அது கோளாறு அல்ல. அப்படியே தயாரிக்கப்பட்ட திரை. அந்த மஞ்சள் பட்டை 16 புள்ளி உயரம். தலைப்பை அதற்குள் வையுங்கள்.

9. தமிழில் காட்ட

வீட்டில் பெரியவர்களும் மோட்டார் போடுபவரும் படிக்கவேண்டிய திரை என்றால் தமிழில்தான் இருக்க வேண்டும். இந்த லைப்ரரிகள் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு படத்தை இடமிருந்து வலமாக அடுக்குமே தவிர, தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கத் தெரியாதவை. ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும்; ‘கு’, ‘சு’, ‘மு’ ஒவ்வொன்றும் தனித்தனி உருவம். ஆகவே ஃபான்ட் தேடி அலையாமல், வேண்டிய சொற்களைப் படங்களாகச் செய்துவிடுவதே குறுக்கு வழி.

கிம்ப் மென்பொருளில் 128 × 20 புள்ளி அளவில் வெள்ளைத் தாள் திறந்து, எழுத்தின் விளிம்பை மழுக்கும் வசதியை அணைத்துவிட்டு, ‘நீர்மட்டம்’, ‘மோட்டார் ஓடுகிறது’, ‘மின்சாரம் இல்லை’ என்று ஒவ்வொன்றையும் கறுப்பில் எழுதி எக்ஸ்பிஎம் (XBM; XPM அல்ல) வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். 16 புள்ளி உயரத்தில் ‘ணீ’, ‘ஞ்’ போன்றவை கறுப்புக் கட்டியாகிவிடும். 20 புள்ளி வையுங்கள், மூன்று வரி அமையும். ஒரு படம் 320 பைட். நிரல் நினைவகமான ஃபிளாஷில் வைத்தால் ஊனோவிலும் பத்துப் பதினைந்து சொற்கள் அடங்கும். எண்களை லைப்ரரியின் ஃபான்ட்டிலேயே அச்சிட்டுச் சொற்படத்தின் பக்கத்தில் வைக்கலாம்.

படம் எட்டெட்டுப் புள்ளிப் பட்டைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பட்டையும் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பியிருந்தால், பிட் வரிசை மாறியிருக்கிறது. எக்ஸ்பிஎம் வடிவம் கடைசிப் பிட்டிலிருந்து தொடங்கும்; யு8ஜி2 அதையே எதிர்பார்க்கும். அடாஃப்ரூட்டில் எக்ஸ்பிஎம்முக்கென்று தனிக் கட்டளை உண்டு, சாதாரணப் படக்கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது.

10. எஸ்பிஐ திரை வாங்கியிருந்தால்

ஏழு கால் ஓஎல்இடி எஸ்பிஐ வகை, அதாவது ஐ2சியைவிட வேகமான, ஆனால் கூடுதல் கம்பி கேட்கும் இணைப்பு முறை. டி0 என்பது கடிகாரம், டி1 என்பது டேட்டா. ஊனோவில் முறையே 13, 11. இஎஸ்பி32-இல் வழக்கமாக 18, 23. ஆர்இஎஸ் (ரீசெட்), டிசி (வருவது டேட்டாவா கட்டளையா), சிஎஸ் (சிப்பைத் தேர்வுசெய்வது) மூன்றையும் விருப்பமான பின்களில் இணைத்து நிரலில் அதே எண்ணைக் கொடுங்கள். இதில் திரை எதையும் திருப்பிச் சொல்லாது; ஸ்கேனர் போன்ற சோதனைக்கு வழியில்லை என்பதால் ஐ2சியில் பழகிவிட்டு இதற்கு வருவது நல்லது. ஊனோவின் 5 வோல்ட் சிக்னலை நேரே கொடுக்காமல் இடையில் அதை 3.3 வோல்ட்டாக்கும் ஒரு லெவல் கன்வெர்ட்டர் வையுங்கள். வேகம் வேண்டிய வரைபடம், அசையும் படம் இல்லையென்றால் எஸ்பிஐக்கு மாறத் தேவையே இல்லை.

11. எஸ்டி7920 எல்சிடியைச் சீரியலில் இணைக்க

20 கால்களில் நமக்கு வேண்டியவை சிலவே. 1 ஜிஎன்டி, 2-இல் 5 வோல்ட், 4-ஆம் காலான ஆர்எஸ் இங்கே சிஎஸ் ஆகிறது, 5-ஆம் காலான ஆர்டபிள்யு டேட்டா ஆகிறது, 6-ஆம் காலான இ கடிகாரம் ஆகிறது. 15-ஆம் காலான பிஎஸ்பியை ஜிஎன்டியில் இணைத்தால்தான் சீரியல் முறை வரும். 19, 20 பின்விளக்குக்கு.

பிஎஸ்பியை ஜிஎன்டியில் இணைப்பதற்கு முன், அதற்கும் விசிசிக்கும் இடையே கன்டின்யூட்டி பாருங்கள். சில பலகைகளில் பிஎஸ்பியைப் பின்புறத்தில் நேராக விசிசியோடு பிணைத்திருப்பார்கள். அப்படியே இணைத்தால் 5 வோல்ட் ஷார்ட் ஆகும். அந்தப் பிணைப்பை எடுத்த பிறகே இணைக்க வேண்டும்.

இணைத்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் நிரலைப் பார்க்குமுன் கான்ட்ராஸ்ட் திருகைத் திருப்புங்கள். பின்விளக்கு எரிந்தும் எழுத்து தெரியாத திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மருந்து. இந்தத் திரை, சிஎஸ் காலில் மின்னழுத்தம் உயர்ந்த நிலையில் (ஹை) இருக்கும்போதுதான் தேர்வாகும், மற்ற எஸ்பிஐ பொருள்களுக்கு நேர்மாறாக. எஸ்டி கார்டு போன்றவற்றோடு ஒரே கம்பியில் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இஎஸ்பி32-இன் 3.3 வோல்ட் சிக்னல் இதற்கு எல்லைக்கோட்டில்தான் போதும். மேசையில் ஓடிய திரை வயலில் தடுமாறும். இடையில் சிக்னலை 5 வோல்ட்டாக்கும் 74எச்சிடி வகைச் சிப் ஒன்றைப் போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

12. மோட்டார் கொட்டகையில் மாட்டும்போது

மேசையில் ஓடுவதும், மும்முனை ஸ்டார்ட்டருக்கு அருகில் ஓடுவதும் வேறு. ஸ்டார்ட்டரின் காயில் விடும் கணத்தில் கிளம்பும் மின் அதிர்வு, ஐ2சி கம்பியில் ஏறித் திரையில் கோடுகளைக் கிறுக்கும், அல்லது நிரலையே உறையவைக்கும். திரைக் கம்பியை 30 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள். திரையின் விசிசிக்கும் ஜிஎன்டிக்கும் இடையே பலகையை ஒட்டியே 100 மைக்ரோஃபாரட், 0.1 மைக்ரோஃபாரட் என இரண்டு கெபாசிட்டர்களை வையுங்கள். வயர் லைப்ரரியில் காத்திருக்கும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் வசதியை இயக்குங்கள். நிரல் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை மட்டும் கிறுக்கலில் நின்றுவிடலாம் என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரையைப் புதிதாகத் தொடங்கும் கட்டளையை நிரலில் சேர்த்துவிடுங்கள். எல்லாவற்றையும்விட இது எனக்கு அதிகம் கைகொடுத்தது.

ஸ்டார்ட்டருக்குள் 415 வோல்ட் இருக்கிறது. அதற்குள் கை வைக்கும் எந்த வேலையையும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். நம் திரையும் பலகையும் தனிப் பெட்டியில், தனி 5 வோல்ட் அடாப்டரில் இருக்கட்டும். ஒயர் நுழையும் துளைகளில் கேபிள் கிளாண்டு போடாமல் விட்டால் எறும்பும் பல்லியும் குடியேறிவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் ஜம்பர் ஒயரின் முனை உப்புக் காற்றில் விரைவில் பச்சை பூக்கும். அங்கே செருகும் ஒயர் வேண்டாம், நேராக சால்டர் வைத்துவிடுங்கள்.

ஓஎல்இடியையே மாட்டியிருந்தால் இரவு பகலாக ஒரே எழுத்தைக் காட்டவிடாதீர்கள். எப்போதும் எரியும் புள்ளிகள் மாதக்கணக்கில் மங்கி, பழைய எழுத்தின் தடம் நிலைத்துவிடும். ஒரு பொத்தானை வைத்து, அழுத்தினால் அரை நிமிடம் மட்டும் எரியும்படி நிரலை அமையுங்கள். பொத்தானைப் பெட்டியின் அடிப்புறத்தில் வைத்தால் மழைநீர் அதன் வழியே உள்ளே இறங்காது.